ஒரே டைட்டானியா, இருவேறு நடத்தை: நானோ புறப்பரப்பு ஒளிவினையை எப்படித் தீர்மானிக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலை ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக இரண்டு டைட்டானியம் டை ஆக்சைடு பொடிகளை மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் இட்டுப் புறஊதா விளக்கின் கீழே வைத்திருக்கிறீர்கள். 20 நானோமீட்டர் துகள் கொண்ட பொடி ஒரு மணி நேரத்துக்குள் சாயத்தை வெளுக்கச் செய்துவிட்டது. 5 நானோமீட்டர் துகள் கொண்ட பொடியோ அதே நேரத்தில் பாதிகூட வெளுக்கச் செய்யவில்லை. இரண்டும் அனடேஸ் (டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வகைகளில் ஒன்று) என்றே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை காட்டுகிறது. துகள் சிறுத்தால் புறப்பரப்பு கூடும், பரப்பு கூடினால் வினையும் கூட வேண்டும். பிறகு ஏன் குறைகிறது என்பது உங்கள் ஐயம்.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. அனடேஸின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 3.9 கிராம் என்று கொண்டால், 20 நானோமீட்டர் உருண்டைகளால் ஆன ஒரு கிராம் பொடிக்கு ஏறத்தாழ 77 சதுர மீட்டர் பரப்பும், 5 நானோமீட்டர் பொடிக்கு ஏறத்தாழ 308 சதுர மீட்டர் பரப்பும் வரும். ஆனால் டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடை இனி இப்படியே சுருக்கி எழுதுகிறேன்) ஒளிவினையில் பரப்பின் அளவு ஒரு பகுதிதான். ஒளி உண்டாக்கிய மின்னூட்டம் அந்தப் பரப்புக்கு உயிரோடு வந்து சேர்கிறதா, வந்து சேர்ந்த இடத்தில் எந்த அணு எந்த நிலையில் நிற்கிறது, அந்த அணுவின் மேல் ஏற்கெனவே என்ன ஒட்டியிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒளி செய்வதைப் பார்ப்போம். அனடேஸின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்கள் பிணைந்திருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அவை நகரக்கூடிய கடத்தல் பட்டைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியே அதைத் தூண்டும். ரூட்டைல் என்ற இன்னொரு படிக வகைக்கு இது 3.0 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 413 நானோமீட்டர். தரையை வந்தடையும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதமே இந்தப் புறஊதாப் பகுதியில் இருக்கிறது. அத்தகைய ஒரு ஃபோட்டான் உட்கவரப்பட்டால் இணைதிறன் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரான் கடத்தல் பட்டைக்கு ஏறுகிறது. அது விட்டுப்போன இடம் நேர்மின் துளையாக நிற்கிறது. துளை பரப்பை அடைந்தால் அங்குள்ள நீரிலிருந்தோ ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்தோ எலக்ட்ரானைப் பறித்துக் கடுமையான ஆக்சிஜனேற்றிகளை உருவாக்கும். எலக்ட்ரான் பரப்பை அடைந்தால் கரைந்துள்ள ஆக்சிஜனுக்குத் தாவி அதைச் சூப்பராக்சைடாக மாற்றும். ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் ரூட்டைல் மின்வாயின் மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டியபோது அவர்கள் கையில் இருந்தது ஒற்றைப் படிகம். ஒளியால் தூண்டப்படும் திறன் டைட்டானியாவின் இயல்பிலேயே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அந்தத் திறனில் எவ்வளவு வெளியே வந்து பயன்படுகிறது என்பதைத்தான் நானோ அளவிலான கட்டமைப்பு மாற்றுகிறது.

எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சந்தித்தால் மீண்டும் இணைந்து, உட்கொண்ட ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். பெரும்பாலான இணைகளின் கதி இதுதான். ஆகவே இங்கே நடப்பது ஒரு பந்தயம்: மறுஇணைப்பு முந்துமா, பரப்பைச் சேர்வது முந்துமா? துகளின் மையத்திலிருந்து பரப்புக்கு வர ஆகும் நேரம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் அது 10 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்ற வரிசையில் இருக்கும். விட்டம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகி ஒரு நானோ நொடியைத் தொடும். பெரிய துகளை 20 நானோமீட்டருக்குக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 10 பிக்கோ நொடியிலேயே பரப்பை அடைந்துவிடும் ஒரு துளைக்கு, துகளை மேலும் சிறிதாக்கி ஒரு பிக்கோ நொடியில் வரச் செய்வதால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை.

சொல்லப்போனால் அந்த இடத்திலிருந்து இழப்பு தொடங்குகிறது. 5 நானோமீட்டர் துகளில் எலக்ட்ரானும் துளையும் எங்கு போனாலும் பரப்பின் அருகேதான் இருக்கும். பரப்பில் உள்ள குறைபாடுகளில் இரண்டும் அருகருகே சிக்கி அங்கேயே இணைந்துவிடும். துளையைப் பரப்பு விரைவாகப் பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரான் ஆக்சிஜனுக்குத் தாவுவதோ மைக்ரோ நொடியிலிருந்து மில்லி நொடி வரை இழுக்கும் மெதுவான படி. தாவ இடமின்றிக் காத்திருக்கும் எலக்ட்ரானுக்கு அடுத்து உருவாகும் துளையைச் சந்திக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. 1990-களின் இறுதியில் குளோரோஃபார்ம் சிதைவைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, பரப்பின் ஆதாயமும் பரப்பு மறுஇணைப்பின் இழப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் மிகச் சிறந்த துகள் அளவு 11 நானோமீட்டர் அளவில் இருப்பதாகக் கண்டது. இந்த எண்ணை எல்லா வினைக்கும் பொதுவான விதியாகக் கொள்ள வேண்டாம். வினைப்படும் பொருள் மாறினால் எண்ணும் மாறும். உச்சம் ஒன்று உண்டு, அதற்குக் கீழே போனால் வினை சரியும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இதோடு, மிகச் சிறிய துகள்களைப் பெரும்பாலும் தாழ்ந்த வெப்பநிலையில்தான் தயாரிக்கிறோம். அவற்றின் புறத்தில் படிக ஒழுங்கில்லாத ஓர் ஓடு எஞ்சியிருக்கும். எக்ஸ் கதிர் சோதனையில் அது கூர்மையான முகடாகத் தெரியாது. அகன்ற அனடேஸ் முகடுகளின் அடியில் மறைந்துவிடும். ஒழுங்கற்ற டைட்டானியா ஒளியை உட்கவரும், ஆனால் மின்னூட்டங்களை உடனே விழுங்கிவிடும். உங்கள் 5 நானோமீட்டர் பொடியில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இதன் மேல்தான். குவாண்டம் விளைவு (துகள் மிகச் சிறுத்தால் ஆற்றல் இடைவெளி விரிவது) காரணமாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். டைட்டானியாவில் ஆற்றல் இடைவெளி குறிப்பிடத்தக்க அளவு விரிவது ஓரிரு நானோமீட்டர் துகள்களில்தான். 5 நானோமீட்டரில் அதை முதன்மைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அடுத்தது எந்த முகம் வெளியே தெரிகிறது என்பது. இந்தத் துறையில் மிகவும் கற்றுத்தந்த பகுதி இதுவென்று நான் கருதுவதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். டைட்டானியாவின் உள்ளே ஒவ்வொரு டைட்டானியம் அணுவையும் 6 ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். படிகம் முடியும் இடத்தில் சில பிணைப்புகள் அறுபட்டு, 5 ஆக்சிஜன்கள் மட்டுமே சூழ்ந்த டைட்டானியம் அணுக்கள் வெளியே நிற்கும். நீரும் கரிம மூலக்கூறுகளும் வந்து பற்றும் இடங்கள் அவையே. அனடேஸின் 101 என்ற முகத்தில் (இந்த எண்கள் படிக முகம் எந்தத் திசையில் அமைந்தது என்பதைக் குறிக்கும் அடையாளங்கள்) வெளியே தெரியும் டைட்டானியங்களில் பாதிதான் இப்படிப்பட்டவை. 001 என்ற முகத்தில் அனைத்துமே இப்படிப்பட்டவை. பரப்பாற்றலோ முதல் முகத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.44 ஜூல், இரண்டாவதற்கு 0.90 ஜூல் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இயற்கை மலிவான வழியையே தேர்வதால், தானாக வளரும் அனடேஸ் படிகத்தின் பரப்பில் 94 சதவீதத்துக்கும் மேல் 101 முகமாகவே இருக்கும். இரு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டி, நுனிகளை மட்டும் லேசாகச் சீவியது போன்ற வடிவம் அது. சீவிய அந்தச் சிறு சதுரந்தான் 001 முகம்.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2008-இல் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைச் சேர்த்துப் படிகத்தை வளர்த்து, அந்தச் சீவிய முகத்தின் பங்கை 47 சதவீதமாக உயர்த்திக் காட்டியது. ஃபுளூரைடு பரப்பில் ஒட்டிக்கொண்டு 001 முகத்தின் ஆற்றலைத் தாழ்த்திவிடுவதால் அந்த முகம் விரிந்து வளர்கிறது. உடனே உலகெங்கும், 001 முகம் கூடினால் ஒளிவினை கூடும் என்ற நம்பிக்கையில் ஆய்வுகள் பெருகின. 2011-இல் ஃபுளூரைடை முழுமையாக நீக்கிய படிகங்களைக் கொண்டு ஒப்பிட்டபோது வரிசை தலைகீழாக வந்தது: 010 முகம் முதலிடம், 101 முகம் அடுத்தது, 001 முகம் கடைசி. முன்பு கிடைத்த உயர்வில் ஒரு பங்கு முகத்தால் வந்ததா, அதில் ஒட்டியிருந்த ஃபுளூரைடால் வந்ததா என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. அறுபட்ட பிணைப்புகள் நிறைய இருந்தால் மட்டும் போதாது, அந்த முகத்தின் மின்னணு அமைப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்று அந்த ஒப்பீடு உணர்த்தியது.

முகங்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. ஒரே படிகத்தில் இருவேறு முகங்கள் அடுத்தடுத்து இருந்தால் எலக்ட்ரான்கள் 101 முகத்தின் பக்கமும் துளைகள் 001 முகத்தின் பக்கமும் ஒதுங்குகின்றன. பிளாட்டினம் உப்பை ஒளியில் ஒடுக்கிப் படியவைத்தால் உலோகப் பொட்டுகள் எலக்ட்ரான் வரும் முகத்தில் குவிவதையும், ஈய உப்பை ஆக்சிஜனேற்றிப் படியவைத்தால் ஈய டை ஆக்சைடு எதிர் முகத்தில் குவிவதையும் மின்னணு நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம். மின்னூட்டங்கள் இப்படிப் பிரிந்து நிற்பது மறுஇணைப்பைத் தடுக்கும் இயற்கையான ஏற்பாடு. ஆகவே ஒரே முகத்தை 100 சதவீதமாக்குவதைவிட இரண்டு முகங்களையும் நல்ல விகிதத்தில் வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. (ஃபுளூரைடு முறையை முயல நினைத்தால் ஓர் எச்சரிக்கை: ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தையே தாக்கும், முதலில் வலிகூடத் தெரியாது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம்.)

குறைபாடுகளைப் பற்றி இரு முனையிலும் மிகைப்படுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பரப்பிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு போய்விட்டால் அங்கே ஒரு காலியிடமும் இரண்டு கூடுதல் எலக்ட்ரான்களும் எஞ்சும். ரூட்டைலின் 110 முகத்தில் நீர் மூலக்கூறு ஒன்று அந்தக் காலியிடத்தில் விழுந்து பிளந்து, இரண்டு ஹைட்ராக்சில்களாக அமர்வதை, நுண்ணிய ஊசி முனையால் பரப்பை வருடிப் பார்க்கும் துருவு நுண்ணோக்கி அணு அணுவாகக் காட்டியிருக்கிறது. அனடேஸின் 101 முகத்திலோ காலியிடங்கள் மேலே நிற்க விரும்பாமல் பரப்புக்கு அடியில் இறங்கிவிடுகின்றன. ஒரே வேதிவாய்பாடு, இரு படிக அமைப்பு, ஒரே குறைபாட்டுக்கு இருவேறு இருப்பிடம்! பரப்பில் உள்ள காலியிடம் ஆக்சிஜனைப் பற்றி எலக்ட்ரானை வாங்க உதவலாம். படிகத்தின் ஆழத்தில் உள்ளது பெரும்பாலும் மறுஇணைப்பு மையமாகவே முடியும். எண்ணிக்கையைவிட இருப்பிடமே முக்கியம். 2011-இல் 20 பார் அழுத்த ஹைட்ரஜனில், 200 டிகிரி செல்சியஸில், 5 நாள் வைத்து உருவாக்கிய கறுப்பு டைட்டானியாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 8 நானோமீட்டர் படிகத்தைச் சுற்றி ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கற்ற ஓடு அமைந்து, கண்ணுறு ஒளியையும் உட்கவரும் நிலையை அது அடைந்தது. கறுப்பாக இருப்பதால் ஒளியை அதிகம் விழுங்குகிறது என்பது உண்மை. விழுங்கிய ஒளியெல்லாம் வினையாக மாறுகிறது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அந்த அலைநீளத்தில் குவாண்டம் திறனை (உட்கவரப்பட்ட ஃபோட்டான்களில் எத்தனை வினையாக மாறுகின்றன என்பதை) அளந்து காட்டாத எந்தக் கட்டுரையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

பரப்பின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு நீர் படரும் விதம். 1997-இல் ஜப்பானியக் குழு ஒன்று, டைட்டானியா பூசிய கண்ணாடியில் 72 டிகிரி தொடுகோணத்துடன் (துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணம்) முத்தாக நின்ற நீர்த்துளி, புறஊதா ஒளி பட்ட பிறகு 0 டிகிரிக்கு வந்து முழுவதும் படர்ந்துவிடுவதை வெளியிட்டது. பூசிய கண்ணாடியில் ஆவி படிந்தால் மங்கலாகாது. சிறு துளிகள் ஒன்றோடொன்று கூடி மெல்லிய ஏடாகிவிடும், பின்னாலுள்ளது தெளிவாகத் தெரியும். ஒளி ஆக்சிஜன் காலியிடங்களை உருவாக்கிப் பரப்பையே மாற்றுகிறது என்று அந்தக் குழு விளக்கியது. ஆனால் 2005-இல் ரூட்டைல் ஒற்றைப் படிகத்தில் நடந்த சோதனைகள், பரப்பிலிருந்த கரிமப் படலம் ஒளிவினையால் எரிந்து தீர்ந்தவுடன் நீர் சட்டெனப் படர்வதைக் காட்டின. 2018-இல் வந்த ஆய்வு மேலும் ஒரு படி போயிற்று: காற்றில் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும் ஃபார்மிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் டைட்டானியாவின் 110 முகத்தைத் தேடிப் பிடித்து, ஒழுங்கான ஒற்றை மூலக்கூறு அடுக்காக அமர்ந்துவிடுகின்றன. நீங்கள் குப்பியைத் திறந்த கணத்திலிருந்தே உங்கள் பொடியின் பரப்பு வெறுமையாக இல்லை என்பது இதன் பொருள்.

நானோ மேடுபள்ளம் இந்தப் படர்வைப் பெருக்கிக் காட்டும். வென்செல் 1936-இல் தந்த உறவின்படி, உண்மைப் பரப்புக்கும் தட்டையாகத் தோன்றும் பரப்புக்கும் உள்ள விகிதத்தைத் தொடுகோணத்தின் கோசைனோடு பெருக்க வேண்டும். தட்டைப் பரப்பில் 30 டிகிரி என்றால் கோசைன் 0.866, சொரசொரப்பு விகிதம் 1.2 ஆக இருந்தாலே பெருக்கற்பலன் 1-ஐத் தாண்டிவிடும், அதாவது துளி முழுவதும் படர்ந்துவிடும். ஒளி தொடுகோணத்தை 30 வரை கொண்டுவந்தால் போதும், மிச்சத்தைக் கட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். தானே தூய்மையாகும் கண்ணாடிகளில் 15 நானோமீட்டர் வரிசையிலான மெல்லிய பூச்சே வேலை செய்ய முடிவது, கரிமத்தைச் சிதைப்பதும் நீரைப் படரவிட்டு அழுக்கைக் கழுவுவதும் ஒரே பரப்பில் சேர்வதால்தான்.

வடிவமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைட்டானியாவில் துளை பயணிக்கக்கூடிய தூரம் சுமார் 10 நானோமீட்டர்தான். 365 நானோமீட்டர் ஒளி முழுவதும் உட்கவரப்படவோ மைக்ரோமீட்டர் வரிசையில் தடிமன் தேவை. தட்டையான படலத்தில் இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. நிமிர்ந்து நிற்கும் நானோ குழாய்கள் இதற்கு அழகான தீர்வு: ஒளி குழாயின் நீளவாட்டில் பல மைக்ரோமீட்டர் இறங்கும், துளையோ 10 நானோமீட்டர் சுவரைக் குறுக்கே கடந்தால் போதும். டைட்டானியத் தகட்டை எத்திலீன் கிளைகாலில் அம்மோனியம் ஃபுளூரைடும் சிறிது நீரும் கலந்து 60 வோல்ட்டில் நேர்மின்வாயாக்கினால் இந்தக் குழாய்கள் வளரும். முதல் சில நொடிகளில் தகடு பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகி மாறுவதைப் பார்க்கலாம். ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளிக் குறுக்கீட்டால் வரும் நிறங்கள் அவை. நான் முதன்முறை செய்தபோது நுண்ணோக்கிப் படத்தில் தேன்கூடு போல அவ்வளவு ஒழுங்காக அமைந்த குழாய்கள் சாயத்தைத் தொடவேயில்லை. அந்தக் குழாய்கள் வளர்ந்த நிலையில் படிகமற்றவை. 450 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சூடாக்கி அனடேஸாக மாற்றிய பிறகு, வடிவத்தில் எந்த மாற்றமும் இல்லாத அதே தகடு வேலை செய்யத் தொடங்கியது. வடிவம் வழியை மட்டுமே தரும். அந்த வழியில் மின்னூட்டம் நடக்கப் படிக ஒழுங்கு வேண்டும்.

வணிகத்தில் பி-25 என்று கிடைக்கும் பொடியை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுமார் 21 நானோமீட்டர் துகள்கள், கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்பு, ஏறத்தாழ 80 சதவீதம் அனடேஸ், 20 சதவீதம் ரூட்டைல். இவ்வளவு எளிய பரப்புடன் அது பலரது புதுப் பொடிகளைத் தோற்கடிப்பதற்கு அதன் உயர்வெப்பத் தயாரிப்பு தரும் நல்ல படிக ஒழுங்கு ஒரு காரணம். இரு படிக வகைகளும் தொடும் எல்லையில் எலக்ட்ரானும் துளையும் பிரிவது இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பரப்பின் ஆற்றலை அடக்கவும் இதே அறிவுதான் பயன்படுகிறது. வெயிலில் பல ஆண்டு நின்ற வெள்ளைப் பெயின்ட் இரும்புக் கேட்டைத் தடவினால் கையில் வெண்பொடி ஒட்டும். டைட்டானியா நிறமித் துகளைச் சுற்றியிருந்த பிசின் வெயிலாலும் ஈரத்தாலும் சிதைந்து போக, பிடிப்பிழந்த நிறமி வெளியே வந்த தடயம் அது. பூச்சில்லாத அனடேஸ் நிறமியானால் அதன் ஒளிவினையே பிசினைத் தின்று இதைப் பல மடங்கு விரைவாக்கும். அதனால்தான் வெளிப்புறப் பெயின்டுக்கும் தோலில் பூசும் வெயில் தடுப்புக் களிம்புக்கும் ரூட்டைலைத் தேர்ந்து, அதன் மேல் சில நானோமீட்டர் சிலிக்காவோ அலுமினாவோ பூசுகிறார்கள். உள்ளே ஒளி முன்போலவே உட்கவரப்படும். துளை மட்டும் வெளியே வர வழியிருக்காது.

இனி உங்கள் சோதனைக்கு வருகிறேன். மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். டைட்டானியாவின் பரப்பு மின்னூட்டம் சுழியாகும் புள்ளி பி.எச். 6-ஐ ஒட்டி இருப்பதால், அதற்கு மேல் பரப்பு எதிர்மின்னாகிச் சாயத்தை இழுத்துக்கொள்ளும். 5 நானோமீட்டர் பொடி இருட்டிலேயே எவ்வளவு சாயத்தை உறிஞ்சுகிறது என்று அரை மணி நேரம் கலக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே விளக்கைப் போடுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் இந்தச் சாயம் சிதையாமலேயே நிறமற்ற ஒடுங்கிய வடிவுக்குப் போய்விடும், காற்றுப் பட்டதும் நீலம் திரும்பும். ஆகவே கரைசலில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருங்கள். இயன்றால் நிறமில்லாத ஃபீனாலைக் கொண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஹைட்ராக்சில் ரேடிக்கலோடு வினைபுரிந்தால் ஒளிரும் பொருளாக மாறும் டெரப்தாலிக் அமிலத்தைச் சேர்த்து 425 நானோமீட்டரில் ஒளிர்வை அளந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உருவாகும் வேகத்தைத் தனியே பிடிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் ஐயம் நீடித்தால் ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் 5 நானோமீட்டர் பொடியில் பாதியை எடுத்து 400 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சூடாக்குங்கள். எக்ஸ் கதிர் முகடுகள் ஒடுங்கும், துகள்கள் வளரும், பரப்பு குறையும். அந்தப் பாதியையும் சூடாக்காத பாதியையும் ஒரே விளக்கின் கீழே அருகருகே வையுங்கள். என் ஊகம் சரியென்றால், பரப்பை இழந்த பொடிதான் முதலில் சாயத்தை வெளுக்கச் செய்யும்.